தாம்பத்தியத்தைத் தொடும் மாத்திரை: மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்

மனச்சிதைவுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டால், வீட்டில் காரணங்கள் வரிசையாக வரும். எந்நேரமும் தூக்கமாக இருக்கிறதாம், உடம்பு ஊதிப்போகிறதாம், குணமாகிவிட்டது என்று அவரே முடிவு செய்துவிட்டாராம். இவை எல்லாமே உண்மையாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஆசையே வரவில்லை, அல்லது விறைப்பு வரவில்லை, அல்லது விந்து வெளியேறவில்லை. பெண்ணாக இருந்தால் மாதவிடாய் நின்றிருக்கும். பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசிந்திருக்கும். யாரிடமும் சொல்ல முடியாமல் மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ காதில் கேட்ட குரல்களும் பழைய சந்தேகங்களும் திரும்ப வந்துவிடுகின்றன.

இது நோயாளியின் கற்பனை அல்ல. மருத்துவ நூல்களில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் பக்கவிளைவு. பெரும்பாலும் சரிசெய்யக் கூடியது. அதைப் பற்றித் தெரிந்துகொள்வது நோயாளிக்கு இந்தியச் சட்டம் தந்திருக்கும் உரிமை. இருந்தும் மருத்துவர் கேட்பதில்லை, நோயாளி சொல்வதில்லை. இந்த இரட்டை மௌனம்தான் பக்கவிளைவைவிடப் பெரிய கேடு என்பது என் உறுதியான எண்ணம்.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தால் பயம் பாதி குறையும். 1952-ல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்புரோமசைன் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்தவர்கள் அமைதியடைந்து, பேச ஆரம்பித்தார்கள். மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது என்பதற்கான தடயத்தை ஸ்வீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன் 1963-ல் காட்டினார். டோபமைன் பற்றிய ஆய்வுகளுக்காக 2000-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மனச்சிதைவில் மூளையின் சில பகுதிகளில் டோபமைன் அளவுக்கு மீறிச் செயல்படுகிறது. சாதாரண விஷயம்கூடப் பெரிய அர்த்தம் உடையதாகத் தோன்றுகிறது. எதிர்வீட்டுக்காரர் இருமினால் தன்னைப் பற்றித்தான் என்று படுகிறது. டோபமைன் வந்து சேரும் ஏற்பிகளை மருந்து அடைக்கிறது. நோய் தணிகிறது. சிக்கல் என்னவென்றால், டோபமைனுக்கு மூளையில் வேலை ஒன்றல்ல. கைகால் அசைவு, ஆசை, இன்ப உணர்வு ஆகியவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. விழுங்கிய மாத்திரை நோய் இருக்கும் இடத்தை மட்டும் தேடிப் போவதில்லை.

பாலியல் நலனை நேரடியாகத் தொடுவது பிட்யூட்டரி சுரப்பி. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. டோபமைன் அதை எப்போதும் அடக்கியே வைத்திருக்கும். மருந்து டோபமைனைத் தடுத்ததும், மடைப்பலகையைத் தூக்கிய வாய்க்கால் போல புரோலாக்டின் பாய்கிறது. அது அதிகமானால் ஆணின் டெஸ்டோஸ்டிரோனும் பெண்ணின் ஈஸ்ட்ரோஜனும் குறைகின்றன. ஆசை குறைவது, விறைப்பு வராதது, ஆண்களுக்கு மார்பு பெருப்பது, மாதவிடாய் தள்ளிப்போவது, கருத்தரிக்காமல் போவது எல்லாம் இதன் தொடர்ச்சி. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் எலும்பும் தேயும். எனவே இதைப் படுக்கையறை விஷயம் என்று ஒதுக்க முடியாது.

2000-ஆம் ஆண்டு கனடாவின் டொரண்டோவில் இருந்து வெளியான ஓர் ஆய்வு இதில் முக்கியமானது. ஹாலோபெரிடால் எடுத்துக்கொண்ட நோயாளிகளின் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். டோபமைன் ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டபோது நோய் தணிந்தது. 72 சதவீதத்தைத் தாண்டியபோது புரோலாக்டின் ஏறியது. 78 சதவீதத்தைத் தாண்டியபோது கைகால் இறுக்கம் போன்ற தொல்லைகள் வந்தன. குணத்துக்கும் பக்கவிளைவுக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு குறுகியது என்று பாருங்கள். மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தாலே சிலருக்கு நிம்மதி கிடைப்பதன் காரணம் இதுதான். அந்த அளவை நாமே கை போட்டுக் குறைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி இல்லை. ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு ஆகியவை புரோலாக்டினை அதிகம் ஏற்றும். ஹாலோபெரிடாலும் ஏற்றும். ஒலான்சபைன் பொதுவாகக் குறைவாகவே ஏற்றும். ஆனால் உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டி, அந்த வழியாக விறைப்பைப் பாதிக்கலாம். குவெட்டியாபைன், குளோசபைன், அரிபிபிரசோல் ஆகியவற்றில் புரோலாக்டின் தொல்லை குறைவு. வயிற்று உப்புசத்துக்கு எழுதித்தரும் டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு போன்ற மாத்திரைகளும் புரோலாக்டினை ஏற்றும். மனநல மருத்துவரிடம் போகும்போது வயிற்றுக்கு எடுக்கும் மாத்திரைகளையும் கொண்டுபோய்க் காட்டுவது அதனால்தான் அவசியம்.

புரோலாக்டின் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. சில மருந்துகள் இரத்தக் குழாய்களையும் தசைகளையும் கட்டுப்படுத்தும் வேறு ஏற்பிகளை அடைக்கின்றன. அப்போது விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உச்சம் வரும், ஒன்றும் வெளிவராது. ‘விந்து வற்றிப்போச்சு, நரம்புத் தளர்ச்சி வந்துருச்சு’ என்று ஒடிந்துபோகும் ஆண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: உடலுக்கு அதனால் கெடுதல் இல்லை, சிறுநீரோடு போய்விடும். குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதற்கு நேர்மாறாக, அரிதாக, ஆசை எதுவும் இல்லாமலே விறைப்பு வந்து வலியோடு அப்படியே நிற்கும். 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது அவசர நிலை. வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருந்தால் உறுப்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

நோயும் ஆசையைக் குறைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனச்சிதைவே பலரை எதிலும் நாட்டமில்லாமல் ஆக்குகிறது. மனச்சோர்வு, சர்க்கரை நோய், குடி, புகை என்று மற்ற காரணங்களும் இருக்கலாம். கூடவே கொடுக்கப்படும் மனச்சோர்வு மருந்துகளுக்கும் இதே பக்கவிளைவு உண்டு. எது எதனால் என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. அவர் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் விஷயம் முதலில் அவர் காதுக்குப் போக வேண்டும்.

அது போவதில்லை. ஸ்பெயினில் மனச்சோர்வு மருந்து எடுத்த 344 பேரிடம் நடத்தி 1997-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லையைத் தாங்களாகச் சொன்னவர்கள் 14 சதவீதம். மருத்துவர் நேரடியாகக் கேட்டபோது 58 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மருந்து வேறுதான்; மௌனம் ஒன்றே. நம் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் வரிசையில் நிற்பவருக்கு ஓரிரு நிமிடம்தான் கிடைக்கிறது. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறார், பின்னால் அடுத்த நோயாளி நிற்கிறார். ‘தூங்குறாரா, சாப்பிடுறாரா’ என்ற இரண்டு கேள்வியோடு சீட்டு கைக்கு வந்துவிடுகிறது.

இதில் பெண்களின் நிலை இன்னும் மோசம். அவளுக்கு ஆசை உண்டா, வலி உண்டா என்று கேட்பவர் யார்? மாதவிடாய் நின்றால் முதல் மாதம் கர்ப்பம் என்று சந்தோஷப்படுகிறார்கள். பிறகு மலடி என்ற பேச்சு வருகிறது. மனநல மாத்திரை பற்றிச் சொல்லாமலே கருத்தரிப்பு மையத்தில் பணத்தைக் கொட்டுகிற குடும்பங்கள் உண்டு. ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே புரோலாக்டின் அளவு தெரிந்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: புரோலாக்டினை ஏற்றாத மருந்துக்கு மாற்றினால் கருத்தரிக்கும் திறன் திரும்பும். குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்கள் மருந்து மாற்றும்போதே கருத்தடை பற்றியும் பேசிவிட வேண்டும். மாதவிடாய் வராததைக் கருத்தடையாக நம்பக் கூடாது.

‘ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்’ என்ற நம்பிக்கை நம் ஊர்களில் செய்யும் சேதத்தைச் சொல்லாமல் விட முடியாது. நோயை மறைத்துப் பெண் பார்க்கிறார்கள். மாத்திரை இருப்பது தெரியக் கூடாது என்று கல்யாண நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். தூக்கம் கெட்ட அந்த நாட்களில், மருந்தும் இல்லாமல், நோய் திரும்புகிறது. மருந்தைத் தொடர்ந்தவருக்கோ முதலிரவில் உடல் ஒத்துழைக்கவில்லை. காரணம் தெரியாத மனைவி தன்னிடம் குறை என்று நினைக்கிறாள். முன்பே மனம்விட்டுப் பேசியிருந்தால் இருவரும் சேர்ந்து ஒரு மருத்துவரிடம் போயிருப்பார்கள். முக்கியமான உண்மையை மறைத்து நடத்திய திருமணத்தை எதிர்த்து நீதிமன்றம் போக இந்துத் திருமணச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதையும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

வெட்கப்பட்டு மருத்துவரிடம் சொல்லாதவர் வேறு எங்கோ சொல்கிறார். லாட்ஜில் அறை எடுத்து ‘ஆண்மைக் குறைவுக்கு’ வைத்தியம் பார்ப்பவர்களிடம் போகிறார், லேகியம் வாங்குகிறார். பாலியல் திறனைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்திருக்கிறது. முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை உண்டு. இப்படி விற்கும் பொடிகள் சிலவற்றில் விறைப்புக்கான மருந்தாகிய சில்டெனாஃபில் மறைவாகக் கலக்கப்பட்டது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தெரியாமல் விழுங்கினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து.

முறையான சிகிச்சையில் வழிகள் பல இருக்கின்றன. ஆரம்ப வாரங்களின் தொல்லை சிலருக்குத் தானாகக் குறையும். இல்லையென்றால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மெல்ல மாற்றலாம், ரிஸ்பெரிடோனோடு சிறிதளவு அரிபிபிரசோல் சேர்த்துப் புரோலாக்டினை இறக்கலாம். இதயத்தைப் பரிசோதித்துவிட்டுச் சில்டெனாஃபிலும் தரலாம். தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் பிட்யூட்டரியில் கட்டி உண்டா என்றும் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மாற்றம் தெரியக் கொஞ்சம் காலம் பிடிக்கும். எந்த வழியானாலும் மருந்தைச் சட்டென்று நிறுத்துவது மட்டும் கூடாது.

இனி உரிமைகள். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 22-ஆம் பிரிவு, தரப்போகும் சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகளையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. 23-ஆம் பிரிவு சொன்னதை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது. ஆகவே ‘டாக்டர், தனியாகப் பேசணும்’ என்று கேட்டு, கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லலாம். 25-ஆம் பிரிவின்படி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம். சேவையில் குறை இருந்தால் 28-ஆம் பிரிவு புகார் செய்யும் உரிமையைத் தருகிறது. மனநலச் சீராய்வு வாரியம் வரை போகலாம். மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் ஆணுக்கோ பெண்ணுக்கோ கருத்தடை அறுவை செய்வதை 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. மனநோய் உள்ளவருக்கும் காதலும் தாம்பத்தியமும் குழந்தையும் உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. குடும்பங்கள்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சொல்லாமல் விட்டதற்கு மருந்து நிறுவனங்களே நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. ரிஸ்பெரிடோன் எடுத்த சிறுவர்களுக்கு மார்பு பெருத்ததையும், அந்த அபாயத்தைச் சரியாக எச்சரிக்கவில்லை என்பதையும் வைத்து ஜான்சன் அண்ட் ஜான்சன் மீது அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வழக்குகள் போடப்பட்டன. 2019-ல் பிலடெல்பியா நடுவர் குழு ஒரே வழக்கில் 800 கோடி டாலர் தண்டனை இழப்பீடு விதித்தது. பிறகு நீதிபதி அதை 68 லட்சம் டாலராகக் குறைத்தார். தொகை குறைந்தாலும் எச்சரிக்க வேண்டிய கடமை குறையவில்லை.

மருந்தின் பக்கவிளைவை நோயாளியே அரசுக்குத் தெரிவிக்கலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அடுத்த முறை ஓ.பி. சீட்டோடு ஒரு துண்டுத் தாளையும் நீட்டுங்கள். அதில் இவ்வளவு எழுதினால் போதும்: ‘இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு எனக்குத் தாம்பத்தியத்தில் பிரச்சினை. மருந்தை நிறுத்த விருப்பமில்லை. என்ன செய்யலாம்?’