கட்டப்படாத பொறியைக் கட்டிய காட்சிசாலை

பழம்பொருளைக் காப்பதே காட்சிசாலையின் தொழில் என்று வகுப்பில் பல்லாண்டு சொல்லிவந்தேன். அக்கூற்றின் குறையை எனக்கு உணர்த்தியது லண்டன் அறிவியல் காட்சிசாலை.

கூட்டலொன்றைக் கொண்டே கணித அட்டவணைகளை ஆக்கும் பொறியொன்றுக்குச் சார்லஸ் பாபேஜ் அரசாங்கப் பணம் 17,000 பவுன் பெற்றும், அது முற்றுப்பெறவில்லை. 1847 முதல் 1849 வரை அவர் திருத்தி வரைந்த இரண்டாம் பொறிக்கு எவரும் பொருளுதவவில்லை. 1871இல் அவர் மறைந்தபோதும் அது வரைபடமாகவே இருந்தது. அக்காலப் பட்டறைகளுக்கு எட்டாத கனவு அது என்றனர் பின்வந்தோர் பலர்.

1985இல் காட்சிசாலையார் அதனைச் செய்யத் தொடங்கினர். உறுப்புகளை இக்கால இயந்திரங்களில் கடைந்தாலும், பாபேஜ் காலத்துக்கு இயன்ற நுட்ப அளவை மீறலாகாதென்று தமக்கே விதி வகுத்துக்கொண்டனர். தேர்வில் பார்த்தெழுதாத மாணவனின் நேர்மை இது! 1991இல், ஏறக்குறைய 4,000 உறுப்புகள் கொண்ட கணக்கிடும் பகுதி, கைப்பிடியைச் சுழற்றியதும் 31 இலக்க எண்களைப் பிழையின்றிக் கூட்டிக் காட்டிற்று. அச்சிடும் பகுதி 2002இல் நிறைவுற்றது.