தானியங்கிக் கியரின் செந்நிற எண்ணெய்

2024ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தில் என் தங்கை மகளின் நிக்காஹ் நடைபெற்றது. வலீமாவுக்கான தேக்சாக்களை மதுரை நெல்பேட்டையிலிருந்து மேலூர்ச் சாலை மண்டபத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என்னுடையது. வளைகுடாவில் பல ஆண்டுகள் பிக்கப் ஓட்டிய பழக்கத்தால், ஊர் திரும்பியதும் தானியங்கிக் கியர் உள்ள பிக்கப் ஒன்றையே வாங்கி வைத்திருந்தேன். விருந்துக்கு முதல் நாள் காலை பத்து மணிக்கு, ‘கியர் எண்ணெயையும் மாற்றிவிடுவோம்’ என்ற எண்ணம் வந்தது. வண்டிக்கு அடியில் புகுந்து எண்ணெயை வடிக்கும் அடி போல்ட்டைக் கழற்றினேன். எண்ணெய் முழுதும் தட்டில் இறங்கிய பிறகே, புதிய எண்ணெய் ஊற்றும் போல்ட்டில் அலன் கீயை வைத்தேன். அது கழலவில்லை. மேலும் திருகியதில் அதன் உள்விளிம்புகள் மழுங்கிப்போயின. எண்ணெயில்லாத கியர்ப் பெட்டியோடு வண்டி நின்றது.

அழைத்ததும் ஓடிவந்த மெக்கானிக் நண்பர் அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “மூடியைத் திறக்க வழி இருக்கான்னு பார்த்துட்டுல்ல பாய் குடத்தைக் கவிழ்க்கணும்!”

அந்த போல்ட்டை வெளியே எடுக்கவே பிற்பகலாயிற்று. எண்ணெயை ஊற்றி இயந்திரத்தை ஓடவிட்டால், அளவு பார்ப்பதற்குரிய வெப்பநிலையை அது சில நிமிடங்களில் தாண்டிவிட்டது. “இனி நாளைக் காலையில்தான்” என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார. மறுநாள் என் வண்டி வாசலில் நிற்க, அண்டை வீட்டுக்காரரின் குட்டி யானையில் தேக்சாக்கள் ஊர்வலம் போயின. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமலிருக்க நான் பின்வாசல் வழியாக மண்டபத்துக்குள் சென்றேன்.

மதுரைப் பகுதியில் சரக்கு வண்டி என்றால் பெரும்பாலும் கையால் கியர் மாற்றும் வண்டிகளே. 2005இல் வந்த டாடா ஏஸ் எனும் குட்டி யானையும், பொலிரோ பிக்கப்பும், தோஸ்த்தும்தான் மாட்டுத்தாவணியிலும் சிம்மக்கல்லிலும் வரிசையாக நிற்கின்றன. தானியங்கிக் கியர் கொண்ட பிக்கப்புகள் அண்மைக் காலத்தில் வந்தவை. இசுசு நிறுவனத்தின் வி-கிராஸில் 2019இலும், டொயோட்டா ஹைலக்ஸ் இந்தியாவுக்கு வந்த 2022இலும் இவ்வசதி கிடைத்தது. எனவே இவற்றைப் பற்றிய கைப்பழக்கம் நம் தெருமுனைப் பட்டறைகள் எல்லாவற்றிலும் இன்னும் வேரூன்றவில்லை. வண்டிக்கு உரியவரே விவரம் அறிந்திருப்பது நல்லது.

சாதாரணக் கியர்ப் பெட்டியில் எண்ணெய்க்குள்ள முதன்மையான வேலை, பற்சக்கரங்கள் தேயாமல் காப்பது. தானியங்கிப் பெட்டியில் எண்ணெயே ஓர் உறுப்பு. இயந்திரத்தின் சுழற்சியைக் கியருக்குக் கடத்துவது அதுதான். அழுத்தத்தால் கிளட்ச் தகடுகளைப் பிடித்து விடுவதும், உள்ளே எழும் வெப்பத்தைச் சுமந்துகொண்டு முன்புறக் குளிர்விப்பானுக்குச் செல்வதும் அதுதான். அளவு சிறிது குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும்; தகடுகள் வழுக்கிக் கருகும். அளவு மிகுந்தால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் தாங்கும் வலிமை இல்லை. குறைவும் கேடு, மிகுதியும் கேடு என்பதால்தான் இந்த வேலையில் அளவைப் பற்றி இத்தனை பேச வேண்டியிருக்கிறது.

இதன் வரலாற்றில் நம் இல்லங்களுக்குச் சற்று நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. பெருமளவில் விற்பனையான முதல் தானியங்கிக் கியர், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் பொருத்திய ஹைட்ரமேடிக். அதன் பின் வந்த கியர் எண்ணெய்களில், கிளட்ச் தகடுகள் இதமாகப் பிடிப்பதற்காக ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. அத்தர் பிரியர்கள் பெருமையோடு பேசும் அசல் அம்பர், அதே திமிங்கிலத்தின் குடலில் விளைவது! 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அத்திமிங்கில எண்ணெயைத் தடை செய்த பிறகே வேதியியலார் மாற்றுப் பொருள்களைத் தேடினர். இன்றைய எண்ணெய் முழுதும் ஆலையில் உருவாவது. அதன் சிவப்பு நிறமும் வெறும் சாயமே; எங்கிருந்து கசிகிறது என்று எளிதில் கண்டறிவதற்காகச் சேர்ப்பது. ஆகவே சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றென்று கருதி, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை ஊற்றிவிடக் கூடாது. டொயோட்டாவுக்கு டபிள்யூ.எஸ். என்ற வகை இருப்பது போல, ஒவ்வொரு நிறுவனமும் தன் பெட்டிக்குரிய வகையைக் கையேட்டில் பெயர் சொல்லிக் குறித்திருக்கும். அந்தப் பெயர் டப்பாவின் மீது இருக்க வேண்டும்.

‘இது வண்டியின் ஆயுள் முழுதும் வரும் எண்ணெய், மாற்றவே தேவையில்லை’ என்று சொல்வோர் உண்டு. கையேட்டின் பின்பக்கங்களைப் புரட்டினால், கடுமையாக உழைக்கும் வண்டிகளுக்கென்று தனிக் கால அட்டவணை இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். கோரிப்பாளையம் நெரிசலில் ஊர்ந்து, பாரத்தோடு வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறி, மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியை நான் கடும் உழைப்பாளி என்றே சொல்வேன். எண்ணெய் ஏறத்தாழ 80 டிகிரியைத் தாண்டியபின், கூடும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்பது பொறியாளரிடையே வழங்கும் தோராயக் கணக்கு.

‘எண்ணெய் மாற்றியதால்தான் பெட்டி போயிற்று’ என்ற பேச்சும் நம் பகுதியில் உலவுகிறது. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு, கடைசி மருந்தாக எண்ணெயை மாற்றுபவரே பலர். தேய்ந்த தகட்டைப் புதிய எண்ணெய் வளர்த்துவிடாது. பழியை மட்டும் எண்ணெய் சுமக்கிறது.

வேலைக்கு வருவோம். மதுரைக்கு ஏற்ற நேரம் பஜ்ருத் தொழுகைக்குப் பின் உள்ள முதல் இரண்டு மணி நேரம். காரணம் இது. இவ்வகை வண்டிகள் பலவற்றில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி கிடையாது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது வழிவு போல்ட்டைத் திறந்து, மிகுதியை வழியவிட்டே அளவைச் சரிசெய்ய வேண்டும். அந்த வெப்பநிலை பல வண்டிகளில் 35 முதல் 45 டிகிரிக்குள் அமைகிறது. உங்கள் வண்டிக்குரிய எண்ணைக் கையேட்டில் காண்க. குளிர்நாட்டில் இதற்காக எண்ணெய் சூடேறும்வரை காத்திருப்பார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலிலோ, கடையிலிருந்து வந்த டப்பாவே ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான் இருக்கும். சூட்டில் விரிந்த எண்ணெயை வழியவிட்டால், ஆறிய பின் பெட்டியில் அளவு குறைந்து நிற்கும். இரவு முழுதும் நின்று ஆறிய வண்டியில், விடியற்காலையில் நமக்குப் போதிய அவகாசம் கிடைக்கிறது. வெப்பத்தைப் படிக்க, வண்டியின் கணினியில் செருகும் சிறிய ஸ்கேனர் ஒன்று வேண்டும்.

இடம் சமதளமாக இருத்தல் இரண்டாவது தேவை. காஜிமார் தெருவைப் போன்ற பழைய தெருக்களில் தளம் ஏதாவதொரு பக்கம் சாக்கடையை நோக்கிச் சரிந்திருக்கும். நான் இப்போது உறவினர் ஒருவரின் சிமெண்டுத் தளக் கிடங்கில்தான் செய்கிறேன். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டே தொடங்குவேன். கதவுகள் திறந்திருக்கட்டும், மூடிய அறையில் இயந்திரப் புகை உயிரைக் குடிக்கும். பிக்கப் உயரமான வண்டியாதலால், தூக்காமலேயே அடியில் படுத்து வேலை செய்ய முடியும். முடியாதவர் நான்கு மூலைக்கும் உறுதியான தாங்கிகளைச் சம உயரத்தில் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பியோ, ஹாலோ பிளாக் கற்களை அடுக்கியோ அடியில் புகுவது தற்கொலைக்கு ஒப்பானது. அந்தக் கற்கள் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கை பிரேக்கைப் போட்டுவிடுங்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள்.

முதலில் எண்ணெய் ஊற்றும் போல்ட்டைக் கழற்றுங்கள். அது கழன்ற பிறகே அடி போல்ட்டில் கை வையுங்கள். இதை எழுதும்போது எனக்கு அந்தத் தேக்சாக்கள் நினைவுக்கு வருகின்றன.

வடிந்த எண்ணெயை அளவுக் கோடிட்ட டப்பாவில் ஊற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவு புதியது உள்ளே போக வேண்டும். நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். மங்கிய சிவப்பு இயல்பு. கருத்து, தீய்ந்த வாடை வீசினால் தகடுகள் கருகியிருக்கின்றன. அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே சிறு காந்தங்கள் இருக்கும். அவற்றில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பு. விரலுக்கு நெருடும் உலோகச் சில்லுகள் கிடைத்தால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். அடித்தட்டையும் வடிகட்டியையும் மாற்றும் வேலையை முதல் முறை அனுபவமுள்ளவரிடம் விடுவதே என் கருத்து. அலுமினியத்தில் இறங்கும் சிறு போல்ட்டுகளைச் சற்று மிகையாக முறுக்கினாலும் மரை போய்விடும்.

ஒரு முறை வடித்தால் எண்ணெய் முழுதும் வந்துவிடாது. டார்க் கன்வெர்ட்டரிலும் குளிர்விப்பானிலும் பெரும்பகுதி தங்கிவிடும். ஒரு பேச்சுக்கு, மொத்தம் 9 லிட்டரில் 3 லிட்டர் வடிகிறதென்று கொள்வோம். ஒரு முறை மாற்றினால் மூன்றில் ஒரு பங்கு புதியது. இடையிடையே வண்டியை ஓட்டி, இரண்டாம் முறை மாற்றினால் ஏறத்தாழ 56 விழுக்காடு. மூன்றாம் முறை 70 விழுக்காடு. நான் சில வார இடைவெளியில் மூன்று முறையாகச் செய்கிறேன். பெட்டிக்கும் அதிர்ச்சி இல்லை, கைப்பைக்கும் இல்லை.

அடி போல்ட்டைப் புதிய வாஷரோடு பூட்டி, கைப்பம்பால் எண்ணெயை ஏற்றுங்கள். பிறகு ஓட்டுநர் உரிமம் உள்ள ஒருவர் இருக்கையில் அமர வேண்டும். எங்கள் வீட்டில் அது என் மனைவி. அவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இயந்திரத்தை இயக்கி, ஒவ்வொரு கியர் நிலையிலும் சில வினாடி நிறுத்தி, மீண்டும் பார்க் நிலைக்குக் கொண்டுவருவார். அந்த நேரத்தில் வண்டிக்கு அடியிலோ முன்பின்னோ எவரும் இருக்கலாகாது. பார்க் நிலைக்கு வந்த பிறகே நான் அடியில் செல்வேன். அவர் ஸ்கேனரைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்ல, உரிய வெப்பநிலையில் வழிவு போல்ட்டைத் திறப்பேன். சில வண்டிகளில் இது தனி போல்ட்டு. சிலவற்றில் அடி போல்ட்டுக்குள்ளேயே சிறு குழாயாக அமைந்திருக்கும். எண்ணெய் கோடாக வழிந்து, பின் சொட்டாக மாறும். அந்த நொடியில் மூட வேண்டும். ஒன்றுமே வழியவில்லையென்றால் அளவு குறைவு. இன்னும் சிறிது ஏற்றிப் பார்க்க வேண்டும். புகைக்குழாய் அருகில் சூடாக இருக்கும், கை பத்திரம்.

பழைய எண்ணெய் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் நடுவண் அரசு விதிகளின்படி அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர வேண்டியது. நம் தெருக்களிலோ அது வாசல் சாக்கடைக்கே போகிறது. ஏற்கெனவே சாக்கடையாகிவிட்ட கிருதுமால் நதிக்கும் வைகைக்கும் நம் பங்காக இதையும் அனுப்புகிறோம். அதே ஆற்றுப்படுகையின் ஊற்றும், ஆழ்துளைக் கிணறும்தான் நம் வீட்டுத் தொட்டிக்கும் பள்ளிவாசல் ஹவ்ளுக்கும் நீர் தருகின்றன. பழைய எண்ணெயைப் புதிய எண்ணெய் வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, மொத்தமாகச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பெரிய பட்டறையில் கொடுத்துவிடலாம். தரையில் சிந்தியதன் மீது மரத்தூளைத் தூவி வாரிவிட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவலாகாது. கையிலும் நகக்கண்ணிலும் தடித்த கிரீஸ் படிந்திருந்தால் வுளூவின் நீர் தோலில் சேராது. ஆகவே லுஹருக்கு முன் கையைத் தேய்த்துக் கழுவ நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அன்றிரவு வண்டிக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டி ஒன்றை விரித்துவைப்பது என் வழக்கம். சென்ற முறை விடிந்ததும் எடுத்துப் பார்த்தேன். ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் நாளையும், ஓடிய கிலோமீட்டரையும், ஊற்றிய லிட்டரையும் எழுதிவிட்டு, அண்டை வீட்டுக்காரரின் வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் புறப்பட்டேன். அன்று அவருடைய குட்டி யானை பட்டறையில் நின்றது.