எதிரே நிற்பவரின் நடிப்பு

செம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். வீட்டில் தாத்தா ‘நாயகன்’ படத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறாராம். இவரும் கைப்பேசியில் அதன் துண்டுக் காட்சிகள் பலவற்றைப் பார்த்துவிட்டார். கமல்ஹாசன் நன்றாகத்தான் நடிக்கிறார், ஆனாலும் தாத்தா சொல்லும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி.

நேர்மையான கேள்வி. அதற்குரிய பதில் அந்தத் துண்டுக் காட்சிகளிலிருந்து வெட்டி எறியப்பட்ட இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்கு நெடுநாளாக ஆசை.

கதையை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. 1987 தீபாவளிக்கு வந்த படம். அதன் இயக்குநர் மணிரத்னம் எழுபதுகளில் மும்பை ஜம்னாலால் பஜாஜ் கல்விக்கூடத்தில் மேலாண்மை படித்தபோது ஊரெல்லாம் அடிபட்ட பெயர் வரதராஜ முதலியார். விக்டோரியா டெர்மினஸில் சுமை தூக்கியவர், கள்ளச்சாராயத்தில் வளர்ந்தவர், மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே பிரம்மாண்டமான கணபதி பந்தல் போட்டவர். எண்பதுகளில் காவல்துறை நெருக்கியதும் சென்னைக்குப் போனார். படம் வெளியான சில மாதங்களில், 1988 ஜனவரியில், அங்கேயே இறந்தார். அவரை வைத்துப் புனைந்த பாத்திரம்தான் வேலு நாயக்கர். இவ்வளவும் மாட்டுங்காக்காரர்களுக்கு மனப்பாடம்.

அந்தப் படத்தை நடித்துக்காட்டியவர்கள் கையாண்ட ஒரு கலையைப் பற்றிச் சொல்கிறேன். படப்பிடிப்புத் தளத்தில் அதற்கு ‘ரியாக்‌ஷன்’ என்று பெயர். ஒருவர் பேசும்போது எதிரே நிற்பவர் கேட்பது, பார்ப்பது, பேசாமலிருப்பது.

வேலு நாயக்கராக நடித்தபோது கமலுக்கு வயது 32. படத்தின் பின்பாதியில் அவர் பேரன் எடுத்த கிழவர். ஏறிய நெற்றி, நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, கனத்த நடை, தாழ்ந்த குரல் என்று அவர் தன் உடம்பில் செய்துகொண்டவை பல. ஆனால் ஒப்பனையும் நடையும் வயதைத்தான் தரும், அதிகாரத்தைத் தராது. அரசனை நடிக்க வேண்டியவர்கள் அரசவையில் நிற்பவர்கள்தான் என்று நாடகக்காரர்களிடம் ஒரு பழைய பேச்சு உண்டு. கிரீடம் வைத்தவர் என்னதான் முறுக்கிக்கொண்டு நின்றாலும், சுற்றி நிற்பவர்கள் அவரைச் சட்டை செய்யாவிட்டால் அவர் வேஷக்காரர்தான். வேலு வாய் திறந்ததும் மற்றவர் பேச்சு அடங்குகிறதே, அந்த அடக்கம்தான் அவரை நாயக்கராக்குகிறது.

இது எப்படி எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் இதன் அருமை புரியும். இருவர் பேசும் காட்சியைப் பெரும்பாலும் ஒரே மூச்சில் எடுப்பதில்லை. முதலில் இருவரும் தெரியும்படி ஒரு ஷாட். பிறகு ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகம். இதை நம் படப்பிடிப்புகளில் ‘சஜஷன் ஷாட்’ என்பார்கள். அதன்பின் தனித்தனியாக க்ளோசப். பெரும்பாலும் நட்சத்திரத்தின் பகுதி முதலில் முடிந்துவிடும். விளக்குகளைத் திருப்பி வைத்துத் துணை நடிகரின் முகத்துக்கு வரும்போது, நட்சத்திரம் அடுத்த படப்பிடிப்புக்குக் கிளம்பியிருக்கலாம். அவருடைய வசனத்தை உதவி இயக்குநர் காகிதத்தைப் பார்த்து ஏற்ற இறக்கமில்லாமல் படிப்பார். கேமராவுக்குப் பக்கத்தில் யாரோ நீட்டிய கைமுட்டியைப் பார்த்து, அங்கே தன் தலைவன் நிற்பதாக நம்பி, துணை நடிகர் கண் கலங்க வேண்டும். காற்றில் சிலம்பம் சுற்றுகிற வேலை இது.

அன்று பிலிம் வேறு காசு. 35 மில்லிமீட்டர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடிச் சுருள் நாலரை நிமிடம்கூடத் தாங்காது. அதில் பேசாதவர் முகத்துக்கு எத்தனை அடி செலவழிப்பது என்று இயக்குநர் முடிவு செய்யும்போது, இந்தக் கதை யாருடையது என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

பேசாத முகத்தின் வலிமையை முதலில் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ். ரஷ்யப் புரட்சியை அடுத்த ஆண்டுகளில், இவான் மோஸ்ஜுகின் என்ற நடிகரின் சலனமில்லாத முகத்தை எடுத்து, அடுத்து ஒரு கிண்ணம் சூப்பை ஒட்டினார். அதே முகத்தை அடுத்து ஒரு சவப்பெட்டியோடு ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த நடிகர் பசியையும் துக்கத்தையும் என்னமாய்க் காட்டுகிறார் என்று வியந்தார்களாம், இயக்குநர் புதோவ்கின் எழுதிவைத்திருக்கிறார். முகம் ஒன்றேதான், உணர்ச்சியைப் போட்டு நிரப்பியவர்கள் பார்த்தவர்கள்.

அப்படியானால் சும்மா நின்றால் போதுமா என்று கேட்கத் தோன்றும். போதாது. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை கண் சிமிட்டுகிறோம். அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், 1974-இல் வந்த ‘தி கான்வர்சேஷன்’ படத்தைத் தொகுத்தபோது ஒன்றைக் கண்டுகொண்டார். ஜீன் ஹாக்மேனின் முகத்தில் எந்த இடத்தில் வெட்டலாம் என்று தன் கை தேர்ந்தெடுக்கிறதோ, அந்த இடத்துக்கு மிக அருகிலேயே ஹாக்மேன் கண் சிமிட்டுகிறார். ஓர் எண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் இமை விழுகிறது என்று மர்ச் முடிவுக்கு வந்தார். உண்மையிலேயே கேட்கிற நடிகரின் இமை, கேட்ட சொல் உள்ளே இறங்கியபின் விழும். தன் வசனத்துக்காகக் காத்திருக்கும் நடிகரின் இமை கண்ட நேரத்தில் விழும். நமக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பொய் எது என்று தெரிந்துவிடுகிறது.

இந்தக் கண்ணோடு ‘நாயகன்’ நடிகர்களைப் பாருங்கள். சிறுவன் வேலுவுக்குத் தாராவியில் அடைக்கலம் தரும் உசேன் பாயாக வருபவர் எம். வி. வாசுதேவ ராவ், ‘சோமன துடி’ என்ற கன்னடப் படத்துக்காக 1975-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றவர். செல்வமாக வரும் ஜனகராஜை அதுவரை சிரிப்புக்காகவே ரசித்தவர்கள் இதில் நிழல்போல ஒட்டி நிற்கும் நண்பனாகப் பார்த்தார்கள். காவல்துறை அதிகாரி பாட்டீலாக நாசர், குரலை உயர்த்தாமலேயே எதிரியாகிறார். வேலு கொல்லும் இன்ஸ்பெக்டர் கேல்கரின் மனவளர்ச்சி குன்றிய மகனாக வரும் டினு ஆனந்த், ‘காலியா’ போன்ற இந்திப் படங்களை இயக்கியவர். பேச்சு அதிகமில்லாத அந்தப் பாத்திரத்தின் பார்வைதான் படத்தின் முடிவைத் தாங்கி நிற்கிறது.

சரண்யாவுக்கு இது முதல் படம். விலைமாதர் விடுதியில் தள்ளப்பட்ட பள்ளிக்கூடப் பெண், மறுநாள் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் விட்டுவிட முடியுமா என்று வேலுவிடம் கேட்கிறாள். இந்தக் காட்சியில் பேசுபவர் புதுமுகம், கேட்பவர் கமல். அவர் கேட்கும் விதத்தில்தான் அந்த வேண்டுகோளின் கொடுமை நமக்குத் தைக்கிறது. பேரன் வந்து தாத்தா நல்லவரா கெட்டவரா என்று கேட்கும் இடத்திலும் அப்படியே. அவ்வளவு பெரிய நட்சத்திரம், படத்தின் கனமான இரண்டு இடங்களில் கேட்பவராக நிற்கச் சம்மதித்திருக்கிறார். அவருக்குக் கிடைத்த தேசிய விருதில் இந்தக் கேட்டலுக்கும் பங்குண்டு என்பேன்.

எனக்கு மிகப் பிடித்த விந்தை டெல்லி கணேஷின் அய்யர். விமானப்படையில் பணியாற்றி, தில்லியில் நாடகம் நடித்து, பாலசந்தரால் சினிமாவுக்கு வந்தவர். 2024 நவம்பரில் மறைந்தார். வேலுவுக்கு இந்தி வராது. அவர் தமிழில் சொல்ல, அய்யர் அதை இந்தியில் எதிராளிக்கு எடுத்துச் சொல்கிறார். கதைக்குத் தேவையான ஏற்பாடுதான். ஆனால் நடிப்பில் அது என்ன செய்கிறது பாருங்கள். தமிழ் பார்வையாளருக்கு வேலு சொன்னது முதல் தடவையே புரிந்துவிட்டது. அய்யர் இந்தியில் தொடங்கும்போது நம் காதுக்கு வேலை இல்லை. கண்ணுக்கு முழு அவகாசம் கிடைக்கிறது. அந்தச் சில வினாடிகளில் நாம் முகங்களை மட்டும் பார்க்கிறோம். சொல் போய்ச் சேரக் காத்திருக்கும் வேலுவின் முகம். சேரச் சேர நிறம் மாறும் எதிராளியின் முகம். நடுவில், தலைவன் சொன்னதன் கனத்தைத் தானே முதலில் தாங்கிக்கொண்டு, பிறகு அடுத்தவர் மேல் இறக்கிவைக்கும் அய்யரின் முகம். மிரட்டலுக்கு இடையில் இப்படி ஓர் இடைவெளி விழுவதால் மிரட்டல் இரட்டிப்பாகிறது. கமல் கத்தத் தேவையே இல்லாமல் போனதற்கு டெல்லி கணேஷ் ஒரு காரணம்.

அய்யரைப் போன்றவர்களை நான் மாட்டுங்காவில் பார்த்து வளர்ந்தேன். தாராவியிலிருந்து காகிதக் கட்டோடு வருபவருக்கு ரேஷன் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதை இந்தியிலோ மராத்தியிலோ எடுத்துச் சொன்ன குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர். வரதராஜ முதலியாரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவர்களைப் பற்றி யாரும் பேசியதில்லை. மும்பைத் தமிழர் என்றதும் தாதா ஒருவர் நினைவுக்கு வருவது இந்த ஊரில் உழைத்தவர்களுக்கு நாம் செய்கிற அநீதி.

இதே கலை கூட்டத்துக்கும் உண்டு. நட்டநடுத் தெருவில் இன்ஸ்பெக்டர் கேல்கரை வேலு கொல்கிறான். பார்த்தவர்கள் ஏராளம், சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. அந்த மௌனத்தை நடித்தவர்கள் துணை நடிகர்கள். அவர்கள் நின்ற தாராவியும் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி எழுப்பிய செட்தான். அதற்கு அவருக்கும், அதை ஒளியில் காட்டிய பி. சி. ஸ்ரீராமுக்கும் தேசிய விருது கிடைத்தது. செட் உயிரோடு இருப்பதாக நம்மை நம்பவைத்தவர்கள் அதில் நின்றவர்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2018-இல், பா. ரஞ்சித் ‘காலா’வில் இதை இன்னும் நீட்டினார். நானா படேகரின் ஹரி தாதா தாராவிக்குள் வந்துவிட்டுத் திரும்பும்போது, மக்கள் வழிமறித்து நிற்கிறார்கள். காலாவின் அனுமதியில்லாமல் அவரால் போக முடியவில்லை. ரஜினிகாந்த் அங்கே கையை ஓங்க வேண்டியதில்லை, நிற்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். படத்தின் முடிவில் கூட்டத்தில் எங்கு பார்த்தாலும் ஹரிக்குக் காலாவின் முகம் தெரிகிறது. கூட்டத்திலிருந்து தலைவன் உண்டாகிறான் என்பதை இதைவிடத் தெளிவாகப் படம்பிடிக்க முடியாது.

கோயில் உற்சவத்தில் நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் ஒத்து ஊதுபவர் நிற்பார். ஒரே சுரம், இடைவிடாமல். ராக ஆலாபனைக்குக் கிடைக்கும் ஆஹாகாரத்தில் அவருக்குப் பங்கில்லை; அவர் மூச்சை நிறுத்தினால் ஆலாபனைக்குத் தரையில்லை. இப்போது பல இடங்களில் அவருக்குப் பதில் ஒரு மின்சாரச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. திரையிலும் அதே கதி நேர்ந்துகொண்டிருக்கிறது. அகலத் திரைக்காக எடுத்த காட்சியைக் கைப்பேசிக்காக நெடுக்காக வெட்டுகிறார்கள். நாயகன் முகம் நடுவில் நிற்கிறது, எதிரே நின்றவர் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறார். ஒரு நிமிடத்துக்குள் அடக்க வேண்டுமென்று வசனத்துக்கு வசனம் தாவுகிறார்கள். இமை விழுவதற்கான இடைவெளி போய்விடுகிறது. மிச்சமிருப்பது பஞ்ச் வசனம். மாணவி பார்த்தது அதைத்தான். அதை வைத்து அவர் போட்ட கணக்கில் தப்பில்லை.

தேசிய விருதுகளில் துணை நடிகருக்கான பிரிவு ‘நாயகன்’ வந்தபோதே இருந்தது. இந்தப் படத்தில் நின்று கேட்டவர் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. தொலைக்காட்சியில் இறுதிப் பெயர்ப்பட்டியலை விளம்பரத்துக்காகப் பாதியில் அறுக்கிறார்கள். துணை நடிகரின் பெயரை அறுப்பதற்கு முன் யாரும் இரண்டு தடவை யோசிப்பதில்லை. இது மாற வேண்டும்.

மாணவிக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். படத்தை முழுதாக, பெரிய திரையில் பாருங்கள். பிறகு பிடித்த காட்சி ஒன்றை எடுத்து, பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவரை மட்டும் பாருங்கள். எப்போது மூச்சு விடுகிறார், எப்போது கண்ணைத் தாழ்த்துகிறார், எந்தச் சொல்லில் இமை விழுகிறது என்று கவனியுங்கள். முடிந்ததும் அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துத் தாத்தாவிடம் சொல்லுங்கள். தாத்தாவுக்கும் அது தெரியாமலிருக்கலாம். நடிப்பை மதிப்பது என்றால் கேட்டவருக்கும் உரிய பெயரையும் கூலியையும் கொடுப்பதுதான். அதில் பெயரைக் கொடுக்கிற வேலையைப் பார்வையாளராகிய நாம் இன்றைக்கே தொடங்கலாம்.