பழைய பாய்வள்ளத்திற்கு ஏற்ற டீசல் இயந்திரம்

காரோட்டுக்கு அண்மையில், பூவாற்றுப் பொழியில் நெய்யாறு கடலோடு கலக்கின்றது. அதற்குத் தெற்கே பொழியூரும், மாநில எல்லையைக் கடந்ததும் தமிழ்நாட்டின் நீரோடியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவை திறந்த மணற்கரைகள். அலைகள் தடையின்றி வந்து மோதும். வடமேற்கே விழிஞ்ஞத்திலும் தென்கிழக்கே தேங்காப்பட்டணத்திலும் அலைதடுப்புச் சுவர்களையுடைய துறைமுகங்கள் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுற்றுவட்டாரப் படகுகள் விழிஞ்ஞத்தை நாடுவது வழக்கம். மணலில் இழுத்து ஏற்றப்படும் படகும், துறையில் மிதந்து நிற்கும் படகும் ஒரே வகை இயந்திரத்தை ஏற்பதில்லை.

பழைய பாய்வள்ளத்தின் இயந்திரம் தேய்ந்துவிட்டால், உரிமையாளர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைசக்தி?" என்பதே. உண்மையில் அது இறுதியாகக் கேட்கவேண்டிய கேள்வியாகும். கடன்பட்டு வாங்கிய இயந்திரம் வள்ளத்திற்குப் பொருந்தாவிடின் முதலும் போகும். கடலில் உயிருக்கும் இடர் நேரும்.

முதற்கேள்வி, வள்ளம் எங்கே கரையேறுகிறது என்பது. உள்ளே நிலையாகப் பொருத்திய இயந்திரத்தின் தண்டும் உந்துவிசிறியும் அடிமரத்தையொட்டித் தாழ்ந்து நிற்கும். மணலில் ஏறும் வள்ளத்தில் அவை முதல் நாளே வளையும். தூக்கி எடுக்கத்தக்க வெளிப்பொருத்து இயந்திரங்கள் இத்தகைய கரைகளில் பரவியதற்கு இதுவே முதன்மையான காரணம். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், இக்குறைக்கு வேறொரு தீர்வையும் ஆராய்ந்தது. சிறிய டீசல் இயந்திரத்தை நீர்புகாப் பெட்டியில் அமைத்து, அலைப்பகுதியில் உந்துவிசிறியை மேலே தூக்குமாறு செய்வதே அம்முறை. ஆனால், தீவுகளின் மறைவில் நிற்கும் தூத்துக்குடிப் பாய்வள்ளங்களிலோ உள்பொருத்து டீசல் இயந்திரம் எளிதில் இடம்பெற்றது.

இரண்டாவது கேள்வி, வள்ளத்தின் உடல் வலிமை. இந்தியா, நோர்வே, ஐக்கிய நாடுகள் ஆகிய முத்தரப்பாரும் 1952-இல் உடன்படிக்கை செய்துகொண்டு, 1953-இல் கொல்லத்திற்கு அருகில் நீண்டகரையில் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கினர். உள்ளூர் வள்ளங்களிலேயே இயந்திரம் பொருத்தும் முயற்சி முதலில் நடைபெற்றது. அவை அதற்கு ஏற்றவையல்ல எனக் கண்டபின் புதிய படகுகள் வடிவமைக்கப்பட்டன. பாய் மேலிருந்து வள்ளத்தை இழுக்கின்றது; இயந்திரமோ உள்ளிருந்து அதை ஓயாமல் அதிரச் செய்கின்றது. ஆகவே, ஏரா என்னும் அடிமரத்தையும் வங்கு என்னும் விலாக்கட்டைகளையும் கூரிய கருவியால் குத்திப் பார்த்து, உளுத்தவற்றை முன்னரே மாற்றவேண்டும். இயந்திரத்தைத் தாங்கும் இரு கட்டைகளும் நீண்டவையாக அமைந்து, பல வங்குகளின்மீது பாரத்தைப் பரப்பவேண்டும். புதிய இயந்திரம் பழையதைவிட மிகுந்த எடையுடையதாயின் வள்ளத்தின் பின்புறம் தாழும்.

மூன்றாவது, வேகம். நீரைப் பிளந்து செல்லும் வள்ளத்தின் வேகத்திற்கு அதன் நீளமே ஏறத்தாழ வரம்பு விதிக்கின்றது. நீர்மட்டத்தில் உள்ள நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அவ்வரம்பு மணிக்கு இத்தனை கடல்மைல் எனக் கிடைக்கும். நீளம் 25 அடியாயின் வேகம் 6.7 கடல்மைல். தேவைப்படும் சக்தியோ, ஏறக்குறைய வேகத்தின் கனத்தைப் பொறுத்து உயர்கின்றது. 5 கடல்மைலிலிருந்து 6.7-க்கு உயர்த்த, மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுவதற்காக 2.4 மடங்கு சக்தி செலவாகும். அதே தூரத்தை 5 கடல்மைல் வேகத்தில் கடந்தால், நேரம் கூடினாலும் எண்ணெய் பாதிக்குச் சற்று மேலாகவே செலவாகும். சாதகமான காற்றில் பாயையும் விரித்தால் அதுவும் குறையும். பாரத்துடன் 3 டன் எடையுள்ள வள்ளத்திற்கு 12 முதல் 15 குதிரைசக்தி பெரும்பாலும் போதுமானது.

வயலில் நீர் இறைக்கும் இயந்திரம் விலை குறைந்ததாயினும், அதனை அப்படியே வள்ளத்தில் அமைப்பது சிக்கனமன்று. பின்னோக்கிச் செலுத்தும் கியர்பெட்டி அதில் இல்லை. உப்புநீர் அதன் உறுப்புகளை அரிக்கும். வள்ளம் சாயும்போது மசகெண்ணெய் ஒருபுறம் ஒதுங்கவும் கூடும்.

இயந்திரம் பொருத்திய பிறகு இரண்டு சோதனைகள் இன்றியமையாதவை. கரையில் நிற்கும் வள்ளத்தின் வடிவம் நீரில் சிறிது மாறுமாதலால், தண்டின் நேர்மையை மிதந்த நிலையிலும் சரிபார்க்க வேண்டும். அடுத்து, முழுப் பாரத்துடன் ஓட்டி, இயந்திரம் தனக்குரிய முழுச் சுழற்சியை எட்டுகின்றதா எனக் காணவேண்டும். அதனை எட்டாமல் கரும்புகை கக்குமாயின், உந்துவிசிறி அளவுக்கு மிஞ்சிப் பெரிதாகவோ, அதன் இதழ்களின் சாய்வு மிகுந்தோ இருத்தல் கூடும். உந்துவிசிறியை மாற்றும் செலவு சிறிது. சுமை தாங்காது இயந்திரம் பழுதுறுமாயின் இழப்பு பெரிது.

களப்பணியாளர்கள் இக்கேள்விகளை வாங்குமுன்னரே உரிமையாளரிடம் எழுப்புவது நலம். ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை வகுப்பறையில் செய்து காட்டலாம். கடற்கரைப் பள்ளி மாணவனுக்கு வர்க்கமூலமும் கனமும் தன் தந்தையின் எண்ணெய்ச் செலவாகவே விளங்கும்.