நீட்டைச் சேர்த்து, ஜே.இ.இ.யைப் பிரித்து: ஏன் இப்படி?

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் நீட், ஜே.இ.இ. என்ற இரண்டு நுழைவுத் தேர்வுகளின் பெயரும் தினமும் காதில் விழும். இரண்டுமே நீண்ட ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தவைதான் (பெயர்ச்சுருக்கம்). பிறகு ஏன் ஒன்றைச் சொல்லாகவும் இன்னொன்றை எழுத்தெழுத்தாகவும் சொல்கிறோம்?

முதலில் பார்க்க வேண்டியது, வாய்க்கு வருகிறதா என்பது. இடையில் உயிரெழுத்து விழுந்தால் சொல்லாகிவிடும்: இஸ்ரோ, எய்ம்ஸ், ஜிப்மர், டாஸ்மாக். ஜி.எஸ்.டி.யில் அந்த வசதி இல்லை, பிரித்தே ஆகவேண்டும்.

உயிரெழுத்து இருந்தால் எப்போதும் சேர்த்துவிடலாமா? முடியாது. ஐ.டி. கம்பெனியை யாரும் 'இட்' கம்பெனி என்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூ.எச்.ஓ.வைச் சேர்த்துப் படித்தால், ஆங்கிலத்தில் 'யார்?' என்று கேட்டதாகிவிடும். ஜே.இ.இ.யும் நம் ஊரில் பிரித்தே பழகிவிட்டது. கடைசியில் வழக்கம் வைத்ததுதான் சட்டம்.

இரண்டுங்கெட்டானும் உண்டு: ஜேபெக் (படக்கோப்பு வகை). முதல் எழுத்து தனியாக, மிச்சம் சொல்லாக. லேசர், ரேடார், சிம் மூன்றும் சுருக்கங்கள் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

தமிழ்ச் சுருக்கங்களில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? தி.மு.க., உ.வே.சா. என்று எழுதியதை அப்படியே படிக்கிறோம். நம் எழுத்தின் ஒலியே அதன் பெயர். டபிள்யூ மாதிரி ஓர் எழுத்துக்கு இவ்வளவு நீளப் பெயர் நம்மிடம் இல்லை!

தொல்லை வருவது ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதும்போது. ஆங்கிலத்தின் இரண்டு 'டி'களுக்கும் நமக்கு ஒரே எழுத்து. இரண்டு 'பி'களுக்கும் அப்படியே. அதனால் 'டி.பி.' என்றால் காசநோயா, வாட்ஸப் முகப்புப் படமா? 'சி.டி.' என்றால் பாட்டுத் தட்டா, ஸ்கேனா? "அப்பாவுக்கு டி.பி. மாத்தணும்" என்று ஒரு செய்தி வந்தால் வீடே பதறும். உடல்நலம், பணம் சம்பந்தப்பட்ட செய்தியில் முதல் முறையாவது விரித்தே எழுதுங்கள்: 'காசநோய்', 'சி.டி. ஸ்கேன்'.

புள்ளி வேண்டுமா? பிரித்துப் படிப்பதற்குப் புள்ளி வைத்தால் கண்ணுக்கு உதவி: ஐ.ஐ.டி.யில் சேர்ந்தாள். சொல்லாகிவிட்டதற்கு வேண்டாம்: இஸ்ரோவில் சேர்ந்தாள்.

புதிதாக ஒரு சுருக்கம் கண்ணில் பட்டு, எப்படிப் படிப்பதென்று தெரியாவிட்டால், எழுத்தெழுத்தாகவே சொல்லுங்கள். கேட்பவருக்குப் புரிந்துவிடும்.