உங்களுக்குத் தெரியுமா? வேகத்துக்கு நாலு கை!

கார்ட்டூன் சினிமாவில் மட்டையைச் சுழற்றும் விளையாட்டு வீரனைத் தக்க க்ஷணத்தில் நிறுத்திப் பார்த்தால், அவனுக்கு நாலைந்து கைகள் முளைத்திருப்பதையோ, முகமே வர்ணத் தீற்றலாக இழுபட்டுக் கிடப்பதையோ காணலாம்; ஆயினும் அச்சித்திரம் திரையில் நிற்பது ஒரு விநாடியின் 24 பங்கில் ஓரிரு பங்கே ஆதலால், நம் கண்ணுக்கு அது விகாரமாக அன்றி வேகமாகவே தோற்றுகிறது.

• இந்த உபாயத்தைத் துணிந்து கையாண்டு பிரசித்தி பெற்றது, சக் ஜோன்ஸ் இயக்கி 1942-இல் வெளிவந்த ‘தி டோவர் பாய்ஸ்’ என்ற கார்ட்டூன் படம்.

• சினிமா பிறக்குமுன்பே, 1865-இல், ஜெர்மானியச் சித்திரக்காரர் வில்ஹெல்ம் புஷ், பியானோ வாசிப்பவனின் கைவிரல்களைப் பன்மடங்காக்கி வரைந்து அதே வித்தையைக் காகிதத்தில் நிகழ்த்திவிட்டார்.

• கார்ட்டூன் வரைபவர்கள் பாயும் பந்தையும் இவ்வாறே முட்டை வடிவாக நீட்டுவார்கள். தரையில் மோதுகையில் தட்டையாக்குவார்கள். நீளம் கூடினால் அகலம் குறைய வேண்டும் என்பது நியதி. தவறினால் பந்து ஊதிப் பெருத்ததாகவே தோன்றும்.

• பத்திரிகைச் சித்திரத்திலோ, ஓடுபவன் உடலை முன்னே சாய்த்து, இரு பாதங்களையும் தரையினின்று உயர்த்தி, நிழலை மட்டும் கீழே தனியே விட்டு, முதுகுக்குப் பின்னால் நாலு கோடு இழுத்தால் போதும். அக்கோடுகளை முன்பக்கம் இழுத்தால், வீரன் பின்வாங்குகிறான் என்றே பொருள்!