லீசுக்கா? வாடகைக்கா?

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது வைட்ஃபீல்ட். 1882ஆம் ஆண்டில் உருவான ஊர் இது. மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். ஆங்கிலோ-இந்தியர்கள் அங்கே குடியேறி விவசாயம் செய்வதற்காகக் கொடுத்த நிலம் அது. அவர்களின் தலைவர் டி. எஸ். ஒயிட். அவர் பெயரால்தான் ஊருக்கு வைட்ஃபீல்ட் என்று பெயர் வந்தது.

இன்று அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்திருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்தும் பலர் வேலை தேடி அங்கே போகிறார்கள்.

திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவனுக்குக் கட்டட வேலை. மனைவிக்கு ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. இருவரும் வீடு தேடுகிறார்கள். தரகர் கேட்கிறார்:

"வீடு லீசுக்கு வேணுமா, வாடகைக்கு வேணுமாம்மா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?" என்கிறார் மனைவி.

இரண்டும் ஒன்றா? பார்ப்போம்.

சொற்கள் எப்போதும் ஒரே பொருளில் நிற்பதில்லை. முதலில் பரந்த பொருள் இருக்கும். ஒரு தொழிலுக்குள் அல்லது ஓர் ஊருக்குள் வந்ததும் அந்தப் பொருள் சுருங்கிவிடும்.

தமிழிலும் இது உண்டு. முன்பு 'நெய்' என்றால் பசு நெய் மட்டும் அல்ல. எள்ளிலிருந்து எடுத்ததும் நெய்தான். எள் நெய்தான் 'எண்ணெய்' ஆயிற்று. இன்று நெய் என்றால் வெண்ணெயை உருக்கி எடுப்பது மட்டுமே.

ஆங்கிலச் சொற்களும் அப்படித்தான். ஹவுஸ்கீப்பிங் என்றால் வீட்டு நிர்வாகம் முழுவதும். வரவு செலவு பார்ப்பதும் அதில் சேரும். ஆனால் கம்பெனியில் அதற்குப் பெருக்கித் துடைத்துச் சுத்தம் செய்யும் வேலை என்றே பொருள்.

இப்போது லீசுக்கு வருவோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் லீசு என்றால் என்ன என்று சொல்கிறது. விலை பெற்றுக்கொண்டு, தன் இடத்தைப் பிறர் அனுபவிக்க உரிமை கொடுப்பதே லீசு. பணம் மொத்தமாக இருக்கலாம். மாதா மாதமும் இருக்கலாம். ஆகவே, சட்டப்படி மாத வாடகைக்கு விடுவதும் லீசுதான்.

ஆனால் பெங்களூர்ப் பேச்சில் அதன் பொருள் சுருங்கிவிட்டது. அங்கே லீசு என்றால் நம் ஊர் ஒத்தி போன்றது. கன்னடத்தில் 'போக்ய' என்பார்கள். ஒரு பெரிய தொகையை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். மாத வாடகை கிடையாது. காலம் முடிந்து காலி செய்யும்போது அந்தத் தொகை திரும்பி வரும்.

வாடகை இல்லை என்றதும் ஆசை வரும். கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். லீசுத் தொகை 5 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டிக்குக் கடன் வாங்கினால், மாத வட்டி 10,000 ரூபாய். அதே மாதிரி வீட்டுக்கு வாடகை 8,000 ரூபாய் என்றால் எது லாபம்?

இன்னொன்றும் உண்டு. பத்திரத்தின் தலைப்பில் 'லீசு' என்று இருக்கும். உள்ளே மாத வாடகை எழுதியிருக்கும். அது சட்டத்தின் லீசு. தலைப்பை மட்டும் நம்பி, வாடகை கிடையாது என்று நினைத்துக் கையெழுத்துப் போடக் கூடாது.

பத்திரத்தில் வரும் வேறு சில சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அட்வான்ஸ்: வேலை செய்யும் இடத்தில் அட்வான்ஸ் வாங்கினால் அது நீங்கள் கழிக்க வேண்டிய பணம். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் அது உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணம்.

செக்யூரிட்டி: பேச்சில் இது காவலாளி. பத்திரத்தில் 'செக்யூரிட்டி டெபாசிட்' என்றால் காவலாளிக்குக் கொடுக்கும் பணம் அல்ல. அது நீங்கள் கட்டும் பிணைத்தொகை. அதுவும் திரும்பி வர வேண்டியதே.

நோட்டீஸ்: தெருவில் கொடுக்கும் துண்டுத்தாளை நோட்டீஸ் என்கிறோம். பத்திரத்தில் நோட்டீஸ் என்றால் காலி செய்வதை முன்கூட்டியே தெரிவிப்பது. எத்தனை மாதம் முன்பு என்று அதில் எழுதியிருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. மாத வாடகை உண்டா, இல்லையா?

2. கொடுக்கும் தொகை எவ்வளவு? அது எப்போது திரும்பி வரும்? அதில் எதையாவது கழிப்பார்களா?

3. பணம் வாங்குபவர் வீட்டின் சொந்தக்காரரா? இடையில் இருப்பவரா?

4. வீட்டின் மேல் கடன் இருக்கிறதா? வில்லங்கச் சான்று வாங்கிப் பாருங்கள்.

5. பத்திரம் ஓராண்டுக்கு மேற்பட்டதா? அப்படியானால் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம்.

பணம் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பத்திரத்தின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.

திருப்பத்தூர்ப் பெண் கேட்டது நல்ல கேள்வி. "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று அவர் கேட்கவில்லை என்றால், வித்தியாசம் தெரியாமலே போயிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பது முதல் படி. இந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பது அடுத்த படி. அப்படிக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.